வாசலை நோக்கி ஊரும் ஒளிப்புள்ளி

நிலவுத் தோட்டம், திங்கள், காலை 6.10
காற்றழுத்தம் சரி. கீரைப் பாத்திகளுக்கு நீர் விட்டேன். நடுவில் தொங்கும் கண்ணாடிச் சிற்பம் நலம்: ஊதிச் செய்த குடங்கள், வாழைக்குலை போல அடுக்கடுக்காக. திறப்பு விழாவுக்கு வெறுங்குடம் ஆகாது என்று, மாட்டியவர்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வாயை அடைத்திருக்கிறார்கள்.

செவ்வாய், காலை 7.00
தண்டுக்கீரையில் கருகிய கோடு. பூச்சியல்ல. உருண்டைக் கண்ணாடியில் தண்ணீர் நிறைந்தால் அது பூதக்கண்ணாடி. வெயிலில் காகிதம் பற்றவைத்துப் பார்க்காத பிள்ளை உண்டா? பூமியில் வெயில் சீக்கிரம் நகர்ந்துவிடும். இங்கே பகலே இரண்டு வாரம். ஒளிப்புள்ளி எறும்பைவிட மெதுவாக வாசலை நோக்கி ஊர்கிறது. வாசலில் அடுத்தடுத்து இரண்டு கதவுகள்; உள்கதவின் ரப்பர் எரிந்தால் அதில் காற்று நிற்காது. குடங்களை இறக்கச் சொன்னேன். அவை தொங்கும் கப்பியை இயக்குவது பூமியிலுள்ள தரை நிலையம்.

அதன் பொறுப்பாளர் செங்கோடன்: "விழா முடியட்டுங் டீச்சர். ஒரு கீறல் விழுந்தாலும் எங்க தலைதான் உருளும்."

புதன், காலை 9.40
குடங்களைப் போர்வையால் மூடினேன்.

"கேமராவுல துணி காயப்போட்ட மாதிரி இருக்குதுங் டீச்சர்!"

கப்பியால் குடங்களை மேலே இழுத்தார்கள். போர்வை விழுந்தது. மறுபடி முதலிலிருந்து விளக்கினேன். "சரீங் டீச்சர்" என்றார். பள்ளியில் எந்த மக்குப் பிள்ளையிடமும் எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை. அவன் புரியவில்லை என்றாவது சொல்வான்.

வியாழன், காலை 11.05
மண்வெட்டியை எறிந்து குடங்களை உடைத்தேன். தாமதமாகிவிட்டது. அதற்குள் ரப்பர் உருகி, உள்கதவு ஒட்டிக்கொண்டது. விளிம்பில் இடைவெளி. என் விண்வெளி உடை அந்தப் பக்கம், இரு கதவுகளுக்கும் நடுவில். இனி காற்றைத் தாங்குவது வெளிக்கதவு ஒன்றுதான்.

11.12
"உடைச்சே போட்டீங்களே டீச்சர்! சரி, கண்ணாடியப் பொறுக்க வெளிய நிக்கற எந்திர வண்டிய அனுப்பறோம். வெளிக்கதவத் தொறக்கறமுங்."

திறக்காதீர்கள் என்றேன்.

"உள்கதவு சாத்தியிருக்குதுன்னு இங்க பச்சை எரியுதுங். பயப்படாதீங்."

பச்சை விளக்கு கதவைக் காட்டும், ரப்பரைக் காட்டாது. சொன்னேன். கத்தினேன்.

"சரீங் டீச்சர்."

11.14
தரை அதிர்கிறது. வெளிக்கதவின் தாழ் விலகுகிறது. பாத்தி மண்ணைக் குழைத்து இடைவெளியில் அப்புகிறேன். நல்ல ஈரம். ஒட்டுகிறது. இன்னும் ஒரு சாண்தான் அடைக்க வேண்டும். இன்னும் ஒரு