புதன்கிழமை போய் இறங்கிய ஊர்

கோச்சடையில் எங்கள் தெருமுனையில் கருப்பட்டிக் காபிக் கடை ஒன்று புதிதாக வந்திருக்கிறது. இன்று காலை அதைத் தாண்டும்போது பாகு காய்ச்சும் வாசம் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. முழங்கால் வலி ஒரு காரணம், நீ இன்னொன்று.

சாந்திநிகேதனில் செம்மண் ரோட்டோரம் ஈச்சம்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்களே, அதே வாசம். நீ இரண்டு கையையும் அடுப்புப் பக்கம் நீட்டிக் குளிர் காய்ந்தாய்.

டி. கல்லுப்பட்டிப் பள்ளியில் நீ ஓவிய வாத்தியார், நான் கணக்கு வாத்தியார். இருபத்திரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சாந்திநிகேதன் சுவர்களில் வரைந்திருக்கும் ஓவியங்களை ஒருநாள் நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நீ அத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாய். ஓய்வு பெற்ற மறு தையில்தான் கிளம்ப முடிந்தது.

செவ்வாய்க்கிழமை புறப்படலாம் என்றாய் நீ. நான் குதித்தேன்.

"செவ்வாக்கிழமை யாராச்சும் தூரப் பயணம் கிளம்புவாகளா? ஞாயித்துக்கிழமை நல்ல நேரம் இருக்கு, போட்ரு."

"சரி மாப்ள, உன் இஷ்டம்" என்று டிக்கெட்டை மாற்றினாய். அங்கே ஒரு முழு நாள் போதும் என்றதும் நான்தான்.

அந்த ஒரு நாள் புதன்கிழமையாக அமைந்தது. அந்த ஊரில் வார விடுமுறையே புதன்தான் என்பது, ஞாயிற்றுக்கிழமை லீவு விட்டே பழகிய இரண்டு வாத்தியார்களுக்கும் தெரியவில்லை. எந்தக் கேட்டுக்குப் போனாலும் காவலாளி கையை விரித்தார். கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நீ வெகுநேரம் நின்றாய். மரங்கள்தான் தெரிந்தன. பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தாய்.

"உன் பஞ்சாங்கத்துல இது போடலையே மாப்ள!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடுகெண்ணெய்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பெல்லாம் அசதி. ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது.

"ஒருநா இருந்து பாத்துட்டுப் போவமா? நாளைக்குத் தொறந்துருவாங்க" என்று ராத்திரி மெதுவாகக் கேட்டாய்.

"டிக்கெட் போட்டாச்சு. நீ வேணும்னா இரு, நான் போறேன்" என்றேன்.

எனக்கு இந்தியில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. தனியாக ஊர் போய்ச் சேர மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். மறுநாள் காலையில் எனக்கு முன்பே குளித்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய். அடுத்த வருடம் மறுபடி வரலாம் என்று ரயிலில் நான் சொன்னதற்கு, "ம்" என்றாய். அடுத்த வருடம் உன் சிறுநீரகம் கெட்டது. அதற்கப்புறம் ஆஸ்பத்திரியைத் தவிர நீ எங்கே போனாய்?

நீ போய்ச் சேர்ந்த முப்பதாம் நாள் என்று போன வாரம் உனக்கு முப்பது கும்பிட்டார்கள். சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் உன் வீட்டம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. நீ நெஞ்சில் வைத்திருந்ததை எல்லாம் அதனிடம் சொல்லியிருப்பாய் என்று பயந்துகொண்டிருந்தேன்.

"அண்ணே, அவுக அந்த ஊருக்குப் போய் எல்லாச் சுவரையும் பாத்துட்டேன்னு அம்புட்டு சந்தோசமாச் சொன்னாக. ஆஸ்பத்திரியிலகூட அதே பேச்சுதான். மாப்ள கூட வந்ததாலதான் போக முடிஞ்சுச்சுன்னு சொல்வாக. அந்தப் படமெல்லாம் எப்படிண்ணே இருந்துச்சு?"

பூட்டிய கேட்டை மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் நாம். உன் ஆயுளுக்கும் கிடைத்த அந்த ஒரு நாளைக் கெடுத்தவன் நான். இன்னும் ஒருநாள் என்று நீ கேட்டபோது அதையும் மறுத்தவன். என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று கட்டிய பெண்டாட்டியிடம் கடைசிவரை பொய் சொல்லியிருக்கிறாய்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு தங்கச்சி. ஒவ்வொரு சுவரு முன்னாலயும் மணிக்கணக்கா நின்னான்" என்றேன்.

தங்கச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அடுத்த தடவை பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறதாம், விவரமாகக் கேட்க. நீ சொன்ன பொய்யை இனி நான்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், மாப்ள.