பின்னால் தெரியும் முனை

பிப்ரவரி 6

காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். கோட்டுக்கு அளவு கொடுக்க வந்த பெரியவர் கடைச் சுவரில் இருக்கும் படத்தையே பார்த்தார். தேசியப் பூங்காவின் கடல் முனையில் நானும் தங்கையும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் படம். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தே போய்ச் சேர்ந்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்ட படம்.

"நான் அங்க காவலரா இருந்தவன்மா. இது முனை இல்லையே. உங்களுக்குப் பின்னால தெரியுது பாருங்க, அதுதான் முனை."

சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சாதாரணச் சிரிப்பா அது? கண்ணில் தண்ணீர் வரும்வரை.

மானம் போயிற்று.

பிப்ரவரி 7

இன்னும் சிரிக்கிறார்.

பிப்ரவரி 9

தங்கைக்குப் போன் செய்தேன். "விடுக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள். எனக்குத் தெரியுமே! இவர் வேறு, "இந்தக் காலை வச்சுக்கிட்டு அவ்வளவுதான் முடியும். போனது போதும்னு இரு" என்கிறார். போதும்னு சொல்ல இவர் யாரு? கால் என்னோடது. டாக்டரே நடக்கச் சொல்லியிருக்கிறார்.

மறுபடி போகிறேன். தங்கையும் வருகிறாள்.

பிப்ரவரி 15

பெரியவர் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். வழி கேட்டேன். நாங்கள் படம் எடுத்துக்கொண்ட குன்றுக்கும் முனைக்கும் நடுவில் ஒரு மணல்திட்டு. காலையில் கடல் உள்வாங்கும்போதுதான் வெளியே தெரியுமாம். மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும். "பாதிப் பேரு குன்றையே முனைன்னு நினைச்சுத் திரும்பிடுவாங்கம்மா." மனசு கொஞ்சம் ஆறியது. கொஞ்சம்தான்.

தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிறேன். வலிக்கிறது. பரவாயில்லை.

பிப்ரவரி 28

போய்விட்டேன்! போயே விட்டேன்!

"எங்கயாவது விழுந்து வச்சா யாரு தூக்குறது?" என்று இவரும் கிளம்பி வந்தார். குன்றின் உச்சி வந்ததும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது.

"இதுவே முனை மாதிரிதான்டி இருக்கு" என்றார்.

நானும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். அப்புறம் சிரித்த சிரிப்பில் இத்தனை நாள் பாக்கி தீர்ந்தது.

மணல்திட்டில் கணுக்கால் அளவுத் தண்ணீர். அதற்கப்பால் ஏற்றம். கடைசிப் பாறையில் முழங்கால் 'வேண்டாம்' என்றது — சும்மா இரு என்று அதட்டிவிட்டு, கையையும் ஊன்றி ஏறினேன். மேலே மூன்று பக்கமும் கடல். நிற்க விடாத காற்று. நின்றேன். தொண்டை வலிக்கக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

மார்ச் 4

புதுப் படம் வந்தது. ஆணியை இவரே அடித்தார், நேராக இருக்கிறதா என்று மூன்று தரம் தள்ளி நின்று பார்த்தார்.

சாயங்காலம் ரவிக்கை வாங்க வந்த பெண் படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். "பின்னால அந்தக் குன்று மேல சிவப்பா ஒரு புள்ளி தெரியுதே, என்னங்க அது?"

நான் இவரைப் பார்த்தேன்.

"அது நான்தாம்மா" என்றார் இவர், காஜாவிலிருந்து தலை நிமிராமல். "முனையில நிக்கிறது என் வீட்டுக்காரி."