நாய் டாக்டருக்கு ஒரு கடைசிப் பாகம்

மார்ச் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று டாஷ்போர்டின் மேல் கை வைத்து உறுதி கூறுகிறேன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவனுக்கு அதைவிடப் புனிதமான இடம் கிடையாது.

முதலில் என்னைப் பற்றி. இந்த நகரத்தில் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் என் மாணவர்கள். மோதிக்கொள்கிறவர்கள் எல்லாம் மீதிப் பாதி. என் ஹாரன் கேட்டால் சிக்னல் தானாகப் பச்சைக்கு மாறும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்காக வரிசையில் நின்ற பெண்களால் நாலு தெருவுக்குப் போக்குவரத்து ஸ்தம்பித்ததால், பொதுநலம் கருதி ஒதுங்கிக்கொண்டேன்.

இவ்வளவு பெரிய மனிதன் தினமும் சாயங்காலம் என்ன செய்கிறான்? சீனக் காதல் சீரியல் பார்க்கிறான்.

பழக்கிவிட்டவள் என் அக்கா மகள். ஸ்கூல் அலுவலகம் அவள் பொறுப்பு. சட்டம் படித்ததில்லை, ஆனாலும் அவள் குறுக்கு விசாரணை செய்தால் கல்லும் வாக்குமூலம் கொடுக்கும். அதனால் ‘வக்கீல்’ என்றுதான் கூப்பிடுகிறேன். போன வருஷம் காய்ச்சலில் படுத்திருந்தபோது, “சும்மா மோட்டுவளையப் பாத்துட்டு இருக்காதீங்க மாமா, இதைப் பாருங்க” என்று டிவியில் எதையோ போட்டுவிட்டுப் போனாள்.

காய்ச்சல் போய்விட்டது. சீனா போகவில்லை.

மார்ச் 5, வியாழன்

என் அபிப்பிராயங்களை வருங்காலச் சந்ததிக்காகப் பதிவு செய்கிறேன்.

கதாநாயகன் எப்போதும் ஒரு கோபுரத்தைப் போன்ற கட்டடத்துக்குச் சொந்தக்காரன். அதற்குள் என்ன வியாபாரம் நடக்கிறது என்று நமக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஃபைலை மூடுவான், ஜன்னல் வழியாக ஊரைப் பார்ப்பான். இருபதாம் பாகத்தில் அவன் உதட்டோரம் நூல் அளவு அசையும். அதற்கு வயலின் வாசிப்பார்கள். கதாநாயகி சமதரையில் தடுக்கி விழுவாள். செருப்புக்கடையில் யாராவது அந்தப் பெண்ணுக்குச் சரியான அளவு கொடுத்திருந்தால் பாதி சீரியல்கள் தொடங்கியே இருக்காது. விழுகிறவளைப் பிடிப்பான், பிடித்தபடியே இருவரும் சுற்றுவார்கள். அந்த வேகத்துக்கு அந்த வளைவை என் வண்டிகூட எடுக்காது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவானே — அது காதலா? பழுதான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பதற்குப் பெயர் காதலா?

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம்: ஒரு சந்தேகம் வந்தால் பன்னிரண்டு பாகத்துக்கு இருவரும் வாயே திறப்பதில்லை. “அவ யாரு?” “என் தங்கச்சி.” முடிந்தது! இரண்டு வரி. இதற்கு இவள் வெளிநாடு போய், மூன்று வருஷம் கழித்து முடி வெட்டிக்கொண்டு திரும்பி வருகிறாள்.

தமிழ் டப்பிங்கில்தான் பார்ப்பேன். உதடு முதலில் அசையும், குரல் பின்னால் வந்து சேரும். பேரரசர், முதலாளி, முதலாளியின் எதிரி, மூன்று பேருக்கும் ஒரே ஆள்தான் குரல். அந்த மனிதர் தன்னைத்தானே மிரட்டுவதைக் கேட்கவே தனியாக ஒரு ஜென்மம் வேண்டும்.

என் அலுவலகச் சுவருக்கு அந்தப் பக்கம் டெய்லரம்மாவின் கடை. பழைய துணியை ஆளுக்குத் தகுந்தபடி திருத்திக் கொடுப்பவர். காலையிலிருந்து தையல் மிஷின் சத்தம் சுவர் வழியாக வந்துகொண்டிருக்கும். அது நின்றால் சாப்பாட்டு நேரம். எனக்குக் கடிகாரமே தேவையில்லை. அவரும் சீனப் பைத்தியம்தான், ஆனால் எங்களுக்குள் பெரிய கொள்கை வேறுபாடு. நான் கடைசிப் பாகத்தை முதலில் பார்ப்பவன். போய்ச் சேரும் இடம் தெரியாமல் வண்டியைக் கிளப்பமாட்டேன். அவரோ கடைசிப் பாகத்தைப் பார்ப்பதே இல்லை.

“முடிஞ்சுட்டா அவங்கல்லாம் வீட்டை விட்டுப் போயிடுவாங்க மாஸ்டர். அப்புறம் வீடு வெறிச்சுனு ஆயிடும்” என்பார். கணவர் போய்ப் பல வருஷமாகிறது. பிள்ளைகள் இல்லை.

அதனால் முடிவை என்னிடம் கேட்டுக்கொள்வார். நானும் சொல்வேன். உள்ளதை உள்ளபடி சொன்னால் அது நானா? போன சீரியலின் முடிவில் பேரரசர் முடி துறந்து பஸ் கண்டக்டர் ஆனார் என்றும், ராஜமாதா உண்மையில் ஒரு நரி என்றும் சொன்னேன். வாயில் கடித்திருந்த குண்டூசிகள் சிதறச் சிரித்தார்.

“பொய்க்கும் ஒரு அளவு வேணும் மாஸ்டர்.”

“அளவு எடுக்கறவர் நீங்கதானே? டேப்பைக் கொண்டாங்க.”

மார்ச் 9, திங்கள்

டெய்லரம்மா கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் பெயர் கொடுத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் வக்கீலிடம். பழகுநர் லைசென்ஸ் போன மாதமே வாங்கிவிட்டாராம். ஏன்?

மார்ச் 10, செவ்வாய்

ஏன் என்று தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்ளாமலே இருந்திருக்கலாம்.

முதல் பாடம். கிளட்சைத் தையல் மிஷின் பெடல் போல மிதிக்கிறார். வண்டி குதிரை போலப் பாய்ந்தது. நல்லவேளை, பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. எத்தனையோ மின்கம்பங்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்த பிரேக் அது.

“இந்த வயசுல எதுக்கு இந்த ஆசை?” என்று விளையாட்டாகக் கேட்டேன்.

“எங்க அக்கா கூப்பிடறா. அவளும் இப்ப தனிதான். அவ வீடு ஊருக்கு வெளிய இருக்கு, கடைகண்ணிக்குப் போகக்கூட வண்டி எடுக்கணும். டெஸ்ட் பாஸ் பண்ணிட்டா கடையைக் காலி பண்ணிட்டுக் கிளம்பிடலாம்னு இருக்கேன்.”

“அப்படியா, நல்லது” என்றேன்.

நல்லதாம். என்ன நல்லது? யாருக்கு நல்லது?

மார்ச் 14, சனி

இப்போது நானும் டெய்லரம்மாவும் ஒரே சீரியல்தான் பார்க்கிறோம். கோபுரக்காரன், பூக்கடைப் பெண், இரண்டாவது நாயகனாக, நாய்களுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு நாய் டாக்டர். நான் நாய் டாக்டர் கட்சி. எந்தச் சீரியலிலும் நான் இரண்டாவது நாயகன் கட்சிதான். அவள் பசியாக இருந்தால் அவன்தான் சாப்பாடு கொண்டுவருவான், அவள் அழுதால் அவன்தான் கைக்குட்டை கொடுப்பான். கடைசியில் அவள் கோபுரக்காரனைக் கட்டிக்கொள்ளும்போது தூரத்தில் நின்று சிரிப்பவனும் அவனே.

குடையைக் கவனிக்க வேண்டும். கோபுரக்காரனின் குடைக்குள் ஒரு குடும்பமே குடித்தனம் நடத்தலாம், இருவரும் நனையமாட்டார்கள். நாய் டாக்டரின் குடை சின்னது. அதை அவள் பக்கமே சாய்ப்பான், அவன் தோள் தெப்பமாக நனையும். யார் தோள் நனைகிறதோ அவனுடையதுதான் காதல். இது என் கண்டுபிடிப்பு. இதற்குப் பரிசு தராத உலகம் நன்றிகெட்டது.

வக்கீலிடம் இதை விளக்கினேன்.

“தோள் நனைஞ்சா போதுமா மாமா? வாயைத் தொறந்து சொன்னானா?”

“சொல்லாம இருக்கறதுதான்டி பெருந்தன்மை.”

“கோபுரக்காரன் வாயைத் தொறக்கலன்னா குற்றம், நாய் டாக்டர் தொறக்கலன்னா பெருந்தன்மையா? உங்க கோர்ட்ல சட்டம் ஆளுக்கு ஆள் மாறுமா?”

எனக்கு அவசரமாக டயருக்குக் காற்றடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 17, செவ்வாய்

நல்ல மழை. மழையில் ஓட்டக் கற்றால் எதிலும் ஓட்டலாம் என்று பாடம் நடத்தினேன். டெய்லரம்மாவுக்கு வைப்பரின் தாளம் பிடித்துவிட்டது, கியர் அதற்கு இசைந்து விழுகிறது. என் கைராசி அப்படி. பாடம் முடிந்ததும் குடை பிடித்து அவரைக் கடைவாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வக்கீல் மேலும் கீழும் பார்த்தாள்.

“மாமா, வலது தோள் காஞ்சிருக்கு. இடது தோளைப் பிழிஞ்சா ஒரு பக்கெட் ரொம்பும்.”

“குடையில ஓட்டை.”

“குடையைக் குடுங்க பாப்போம்.”

கொடுக்கவில்லை. சாட்சியத்தைப் பறிமுதல் செய்ய முறையான உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

“நீங்க ரெண்டாவது ஹீரோ மாமா” என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 18, புதன்

ரெண்டாவது ஹீரோவாம்! நானா? என் வாழ்க்கையில நானே ரெண்டாவது ஆளா? அப்ப மொதல் ஆளு எவன்? காட்டச் சொல்லு பாப்போம் — ஒருத்தனும் இல்லியே. எதிர்ல ஆளே இல்லாம தோக்கறவன் உலகத்துலயே நான் ஒருத்தன்தான்.

அவங்களுக்கு அக்காகிட்டப் போகணும்னு ஆசை. நடுவுல பூந்து கெடுக்க நான் யாரு? கோபுரக்காரனா, மணிக்கட்டைப் பிடிச்சு இழுக்க?

மார்ச் 21, சனி

இன்று ரிவர்ஸ் எடுத்து இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிறுத்துவது. டெஸ்டில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் இடம் இதுதான். ஒரே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட்டால் போதும், அடுத்த டெஸ்டுக்குத் தேதி கிடைக்க மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

இந்த யோசனை எனக்கு வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வில்லன்களுக்கு வருகிற யோசனை. முகத்தில் கீழேயிருந்து வெளிச்சம் விழுந்தமாதிரி இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தேன். கண்ணாடியில் எதைப் பார்ப்பது, ஸ்டியரிங்கை எப்போது ஒடிப்பது, எப்போது நேராக்குவது, எல்லாம். மூன்றாம் முறையே ஊசியில் நூல் கோர்ப்பதுபோல வண்டி உள்ளே போய் நின்றது.

“சரியா மாஸ்டர்?”

சரி. ரொம்பச் சரி. என் தொழிலில் எனக்கு இவ்வளவு திறமை இருந்திருக்க வேண்டாம்.

மார்ச் 24, செவ்வாய்

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் நின்றது. சாப்பாட்டு நேரம் என்று எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். மணியைப் பார்த்தால் பத்துதான் ஆகியிருந்தது. டெய்லரம்மா நூல்கண்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

மார்ச் 27, வெள்ளி

திங்களன்று டெஸ்ட். இன்று கடைசிப் பாடம். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் நீளமான சாலை, அந்த நேரத்தில் ஈ காக்கை இருக்காது.

“மாஸ்டர், நாய் டாக்டர் கடைசில என்ன ஆனான்?” என்று கேட்டார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடியே.

எனக்குத் தெரியும் அவன் என்ன ஆனான் என்று. கடைசிப் பாகத்தைத்தான் முதலில் பார்த்தேனே.

ஆரம்பித்தேன். கோபுரக்காரனின் கட்டடம் ஒரு தும்மலில் சரிந்தது. கோடையில் பனி கொட்டியது. ஊரிலுள்ள நாய்கள் எல்லாம் ஒன்றுகூடி டாக்டரை முதுகில் தூக்கிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு ஓடின. டெய்லரம்மா சிரித்துக்கொண்டே மூன்றாவது கியர் போட்டார்.

“ரயில் ஜன்னல்ல பூக்கடைப் பொண்ணு. டாக்டருக்கு மூச்சு வாங்குது. அவன் சொன்னான் — போகணும்னா போங்க, நான் தடுக்கல. ஆனா நீங்க போகாம இருக்கணும்னு இந்த ஊர்ல ஒருத்தன் நெனச்சான்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.”

சிரிப்பு நின்றிருந்தது. டெய்லரம்மா இரண்டாவது கியருக்கு இறக்கினார்.

“நான் நேத்தே பாத்துட்டேன் மாஸ்டர்.”

“எதை?”

“கடைசிப் பாகத்தை. ஊருக்குப் போறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு.”

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. ஒரு பூனைகூட இல்லாத சாலையில் வண்டி முக்கிக்கொண்டு நின்றது.

“அதுல அவன் ஒண்ணுமே சொல்லல. தூரத்துல நின்னு பாத்துட்டுக் கார்ல ஏறிப் போயிடறான். அப்ப இதைச் சொன்னது யாரு?”

அந்த இடத்தில் நான் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டு ஆஸ்பத்திரி நோயாளிகள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று எழுத ஆசைதான்.

“நான்தான்” என்றேன். அவ்வளவுதான். அதுவும் டப்பிங் மாதிரி, உதடு முதலில் அசைந்தது, குரல் கொஞ்சம் கழித்து வந்தது.

டெய்லரம்மா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார்.

“பிரேக்லேருந்து காலை எடுங்க மாஸ்டர். வண்டி ஓட்டறது நான்.”

எடுத்தேன்.

மார்ச் 30, திங்கள்

பாஸ். ரிவர்ஸ் பட்டுப்போல. டெஸ்ட் எடுத்தவர், “யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டாராம். நாளைக்கு அக்கா ஊருக்குக் கிளம்புகிறார். கடைச்சாவியை வக்கீலிடம் கொடுத்துவைத்திருக்கிறார். கடையை விடுவதா வேண்டாமா என்று அங்கே போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வாராம்.

“வேற ஒண்ணும் சொல்லலியா மாமா நீங்க?” என்றாள் வக்கீல்.

சொன்னதே போதும். இனி ஓட்டுவது அவர்.

ஏப்ரல் 5, ஞாயிறு

புது சீரியல் தொடங்கியிருக்கிறேன். முதல் பாகத்திலிருந்து. என்ன ஆகும் என்று தெரியாமல் பார்ப்பது எவ்வளவு பயங்கரம்! ஜனங்கள் இதை எப்படித்தான் தாங்குகிறார்களோ.

ஏப்ரல் 13, திங்கள்

காலையில் வந்து ஃபேனைப் போட்டேன். அதிலிருந்துதான் சத்தம் என்று நினைத்து ஃபேனை நிறுத்தினேன். சத்தம் நிற்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின் ஓடுகிறது.

வாசலில் ஒரு பழைய சின்னக் கார். தன்னால் இனி ஓட்ட முடியாது என்று அக்கா கொடுத்துவிட்டாராம். டெய்லரம்மா தானே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மாஸ்டர். அக்கா கண்ணு மாதிரி பாத்துக்கிட்டா. மாசத்துக்கு ரெண்டு தடவை போய்ட்டு வர்றதா பேசியிருக்கோம்.” ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டே சொன்னார். “அங்க பொய் சொல்ல ஆள் இல்ல.”

சாயங்காலம் அந்தக் காரில் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போனார். என் பக்கத்தில் பிரேக் கிடையாது. வழியெல்லாம் வெறும் மிதியடியையே மிதித்துக்கொண்டு வந்தேன். அவர் பார்த்தும் பார்க்காததுபோல ஓட்டினார். புது சீரியலின் கடைசிப் பாகத்தை ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பது என்று வக்கீல் முன்னிலையில் தீர்மானம்.

இந்த நோட்டில் உள்ளதில் முக்கால்வாசியை நானே நம்பமாட்டேன். நகரத்தில் பாதிப் பேர் என் மாணவர்கள் இல்லை. வரிசையில் ஒருத்தியும் நின்றதில்லை. சிக்னல் என் ஹாரனை மதித்ததே கிடையாது. அன்று மழையில் இடது தோள் நனைந்தது மட்டும் நிஜம்.

குடையில் ஓட்டை எதுவும் இல்லை.