மேனேஜர் மச்சான் கேட்ட கேசட்

மச்சான் அவர்களுக்கு,

நான் சொல்ல, என் மகள் எழுதுகிறாள். கூலி உயர்வு கேட்டதற்காகப் போன வாரம் சலவை ஆலையிலிருந்து நீங்கள் விரட்டினீர்களே, அவள்தான். "மாமாவுக்கு வணக்கம் போடட்டுமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

ஆலையின் பொன்விழாவில் போட நம் பழைய ஜமைக்கா நாட்டு ரெகே பாட்டுக் கேசட்டைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தீர்கள். "மேடையில உங்களுக்குப் பொன்னாடையும் உண்டாம் பெரியவரே" என்றான் வந்தவன். சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் நாம் சேர்ந்து வேலை பார்த்த இஸ்திரி ஷெட்டில் அந்தப் பாட்டின் ஒரு சொல்லும் நமக்குப் புரியவில்லை. மிதிபட்டவன் பாடுகிறான் என்பது மட்டும் புரிந்தது. அந்த ஆடி அசைந்த தாளத்துக்கு எல்லோரும் இஸ்திரிப் பெட்டியை இழுத்து வேலையை மெதுவாக்கியதால்தான் முதலாளி கூலியை உயர்த்த இறங்கி வந்தார். பிறகு மேஸ்திரி ஆன அன்றே, "பாட்டு கேட்டா கை ஓடாதுடா" என்று டேப் ரெக்கார்டரைப் பிடுங்கியது யார்? அந்தச் சூட்சுமத்தை முதலாளி காதில் ஓதித்தானே நாற்காலி பிடித்தீர்கள்?

கேசட்டை மகளிடம் கொடுத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டுதான் ஆலைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொன்விழா அன்றும் போடுவார்கள். மேடைவரை நன்றாகக் கேட்கும். பொன்னாடையை நீங்களே காதோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டியவன்
(கைநாட்டு)