நானே சுரண்டிய லேபிள்

ஐப்பசி 14, வெள்ளி.

முதுநகர் பழைய சாமான் கடையில் வாங்கிய ஆளுயர டபுள் பேஸை, அதாவது நிறுத்திவைத்து வாசிக்கும் ராட்சத வயலினை, விலை மதிப்பிட இன்று வேனில் ஏற்றிச் சிதம்பரம் கொண்டுபோனேன். ஜெர்மன் கப்பல் கேப்டன் தன் கையால் செதுக்கியது என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். அங்கே ஓர் இசை வாத்தியார் அதன் துளை வழியே டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“லேபிள் ஒட்டுன தடம் இருக்கு. அது இருந்தா எந்த ஃபேக்டரின்னு கண்டுபிடிச்சிடலாம். அது இல்லாம ஜெர்மன்னு எப்டிங்க நம்புறது?”

அச்சடித்த லேபிள் இருந்தால் கேப்டன் கதையை யார் நம்புவார்கள் என்று போன வாரம் ஈரத்துணியால் ஊறவைத்துச் சுரண்டியதே நான்தான். கரையான் தின்றுவிட்டது என்றேன். கூட வந்த மச்சினன் சிரித்தான்.

“பேப்பரைத் தின்னுட்டு மரத்தை உட்டுடுச்சா மாமா?”

ஜெர்மன் பாஷை எனக்கு அத்துப்படி. ஆனாலும் அந்த லேபிளில் எந்த ஊர் போட்டிருந்தது என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை.