டவுட்டன் போரில் வென்றதற்காகப் பறிக்கப்பட்ட கல்யாண மண்டபம்

அனுப்புநர்:
வ. இந்திரகுமார்,
டயர் தொழிற்சாலைத் தொழிலாளி,
எல்டர்போட், மெல்பேர்ண்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
எல்டர்போட் நகரசபை.

விடயம்: 27.08.1978 அன்று எனது திருமணத்துக்குப் பதிவு செய்திருந்த நகரசபை மண்டபத்தை மீளப் பெறல்.

மதிப்பிற்குரிய ஐயா,

குடியேறியோர் தத்தம் தாய்மொழியிலேயே சபைக்கு எழுதலாம் எனத் தங்கள் சுற்றறிக்கை கூறுகிறது. அதை நம்பித் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளரைத் தேடும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.

1. கடந்த யூன் 12, மகாராணியாரின் பிறந்தநாள் விடுமுறையன்று, நகரசபைப் பூங்காவில் 1461ஆம் ஆண்டின் டவுட்டன் போர் நடித்துக் காட்டப்பட்டது. ஒரே பாட்டன் வழிவந்த யோர்க், லங்காஸ்டர் என்னும் இரு குடும்பங்கள் இங்கிலாந்தின் முடிக்காக மோதிய போர் அது. எங்கள் ஊரில் இதை வேலிச் சண்டை என்போம். இங்கே ஆட்கள் கொஞ்சம் கூட.

2. யோர்க், வெல்லும் படை. அதில் நகரசபை உறுப்பினர்களும் வங்கி முகாமையாளரும் எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் சேர்க்கப்பட்டனர். லங்காஸ்டர், தோற்கும் படை. அதில் கிரேக்கர், இத்தாலியர், துருக்கியர், அவர்களோடு நானும் என் நண்பன் சிறிதரனும். எங்களுக்குத் தரப்பட்ட ஒரே பயிற்சி, விழுவது எப்படி என்பது. "கிழமை முழுக்க அவங்கட காலில விழுறம், லீவு நாளிலயுமோ மச்சான்?" என்று சிறிதரன் கேட்டதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

3. உண்மைப் போரில் காற்று யோர்க் பக்கமிருந்து வீசியது. பனி லங்காஸ்டர் வீரரின் கண்ணை மறைத்தது. அவர்கள் எய்த அம்புகள் எட்டாமல் விழ, யோர்க் வில்லாளர் அவற்றையே பொறுக்கித் திருப்பி எய்தனர். கடைசியில் நோர்போக் பிரபுவின் புதிய படை யோர்க்குக்குத் துணையாக வந்து கதையை முடித்தது. பூங்காவிலும் அப்படியே நடக்க ஏற்பாடு. பனிக்குப் பதில் கோழி இறகு. அம்பு நுனியில் ரப்பர்.

4. ஆனால் மெல்பேர்ண் காற்று வரலாறு படிக்கவில்லை. பதினொரு மணிக்கு அது திசை மாறியது. இறகெல்லாம் யோர்க் வீரரின் முகத்தில் அப்பியது. அவர்கள் எய்த அம்புகள் எங்களுக்கு முன்னால் விழுந்தன. பொறுக்கினோம், எய்தோம். 1461இல் யோர்க் தரப்பு செய்ததையே நாமும் செய்தோம் என்பதைத் தாழ்மையுடன் சுட்டிக்காட்டுகிறேன். நோர்போக் பிரபுவின் படை அவ்வேளை எதிரே மதுச்சாலையில் இருந்தது. இருமுறை ஆள் அனுப்பியும் வரவில்லை. யோர்க் தரப்பின் எட்வேர்ட் மன்னராக நடித்த நகரசபை உறுப்பினர் வாத்துக் குளத்தில் முழங்காலளவு நீரில் நின்று சரணடைந்தார். முடியை அவராகவே கழற்றித் தந்தார். யாரும் பறிக்கவில்லை.

5. மறுவாரம் தங்கள் கடிதம் வந்தது. என் மண்டபப் பதிவு இரத்து. நாங்கள் வரலாற்றைத் திரித்ததாக ஒப்புக்கொள்ளும் மன்னிப்புப் பத்திரத்தில் நான் கையொப்பமிட்டால் மண்டபம் திரும்பக் கிடைக்குமாம். ஐயா, நான் மணக்கவிருக்கும் ரஞ்சினியின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார்கள். நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு போட வேறு மூன்று இடங்களைத் தொலைபேசியில் கேட்டேன். என் பெயரைச் சொல்லும்வரை மூன்றும் காலியாக இருந்தன. தோற்பதற்கு மட்டும் எங்களை அழைப்பதும், வென்றால் கதவைச் சாத்துவதும் எந்த வரலாற்றில் சேரும் என்று தெரியவில்லை.

6. கையொப்பமிடலாமா என்று, மருத்துவமனையில் தாதியாக இருக்கும் ரஞ்சினியிடம் கேட்டேன். "ஒப்பம் வைச்சுப்போட்டு வாறதெண்டால், மாலையை அந்த எட்வேர்ட்டுக்கே போடுறன்" என்றார். எனவே கையொப்பமிட முடியாத நிலையில் இருக்கிறேன்.

ஆகையால், இரத்துக் கட்டளையை நீக்கி மண்டபத்தை எங்களுக்கே தருமாறு கேட்டுக்கொள்கிறேன். மன்னிப்புப் பத்திரத்தை ஒப்பமின்றி இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதன் பின்பக்கத்தில் தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் எங்கள் திருமண அழைப்பை எழுதியிருக்கிறேன். நாளும் முகூர்த்த நேரமும் உண்டு. இடம் என்ற வரியை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அதைத் தங்கள் கையாலேயே நிரப்பி அனுப்பவும்.

எல்டர்போட்,
07.07.1978

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மணமகன்,
வ. இந்திரகுமார்