தரை தட்டாத வண்டி

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை எழுதிக்கொள்வது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் நலம்தானே? இங்கேயும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். மேலே படி.

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். உன் மாப்பிள்ளை இப்போது நாள் முழுக்க வீட்டில்தான். நான் போனை எடுத்தால் போதும், மச்சானா, ஸ்பீக்கரில் போடு என்று வந்துவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அண்ணிக்குக் கவுன் தைக்க அளவு கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கவுன் நிஜமாகவே தைக்கிறேன், அளவு அனுப்பச் சொல்.

விஷயம் வண்டிதான். லைன்மேன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வேனுக்குள் கட்டிலும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் வைத்து மலைமலையாகச் சுற்றப்போகிறார் என்று உன்னிடம் சொன்னபோது நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய். நீ மெக்கானிக், அவருக்கு உன் வாக்குதான் வேதம். எந்தச் சேசிஸ், எந்த அடிச்சட்டம் எடுப்பது என்று கேட்டதற்கு நீயும் மனசாரச் சொன்னாய், மலைப்பாதைக்கு உயரம்தான் உயிர், நாலு சக்கரமும் இழுக்கிற உயரமான வண்டியை எடு, தாழ்ந்த வண்டி தரை தட்டும் என்று. உன்மேல் தப்பே இல்லை. உன்னிடம் சொன்னதை வைத்துத்தானே நீ சொல்வாய்.

அன்றிலிருந்து அந்த உயரமான வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பார், எழுதிவிட்டு எனக்கே கை நின்றுவிட்டது. கால் இல்லாமல் நமக்கு ஒரு பேச்சு வராது போலிருக்கிறது.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோமே, கண் பரிசோதனை என்று உன்னிடம் சொன்னோம். கண்ணுக்குப் போகவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன், யாரிடமும் சொல்லக் கூடாது என்று தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார். முக்கியமாக உன்னிடம். நீ பரிதாபப்பட்டால் தாங்க மாட்டாராம்.

வீட்டுச் செய்தி சொல்லலாம், அதற்குச் சத்தியம் இல்லை. மாடி அறையை விட்டுக் கீழ் அறைக்கு வந்துவிட்டோம். கீழேதான் காற்று நன்றாக வருகிறதாம். பஸ்ஸில் போவதை நிறுத்திவிட்டார். கூட்டம் என்கிறார். காலி பஸ் வந்தாலும் கூட்டம்தான். குளியலறைச் சுவரில் இரும்புக் கைப்பிடி பதித்திருக்கிறார், டவல் போட என்று. அதில் இதுவரை ஒரு டவலும் தொங்கவில்லை. அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று டாக்டர் சொன்னதை நான் எழுதவில்லை. இவ்வளவு எழுதிய பிறகு எழுதவும் வேண்டாம்.

போன வாரம் பழைய வண்டிகள் விற்கிற யார்டுக்குப் போனோம். யார்டுக்காரர் இரண்டு வேன்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். ஒன்று நீ சொன்ன உயரமான ஜாதி. இன்னொன்று முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு அடியில் இல்லாததால் அதன் தரை நன்றாகத் தாழ்ந்து உட்கார்ந்திருக்கும் என்று வீட்டிலேயே படம் போட்டு எனக்குப் பாடம் நடத்தியவர் இவர்தான். தையல்காரிக்கு இது புரியாதா? துணி வெட்டு மாதிரிதான் சேசிஸ். வெட்டில் தப்பினால் அப்புறம் எத்தனை தையல் போட்டாலும் உடம்பில் நிற்காது.

முதலில் உயரமான வண்டிக்குப் போனார். கதவைத் திறந்தார், கைப்பிடியைப் பிடித்தார், ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தார். அப்படியே நின்றார். நானும் நின்றேன். போய்த் தாங்கினால் யார்டுக்காரர் பார்ப்பார், தாங்காவிட்டால் இவர் விழுந்துவிடுவார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கைப்பையைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடைசியில் காலைக் கீழே எடுத்துவிட்டு டயரைத் தட்டிப் பார்த்தார். அருமையான வண்டி, இதுவே இருக்கட்டும் என்றார். உள்ளே உட்காராமலேயே ஒரு மனுஷன் வண்டி தேர்ந்தெடுத்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அப்புறம் சும்மா பார்க்கிற மாதிரி தாழ்ந்த வண்டிக்கு வந்தார். அதில் ஏறிவிட்டார் அண்ணா. யாரும் தாங்காமல், தானாக. ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் திருப்பினார், சீட்டை முன்னே தள்ளினார், பின்னே தள்ளினார். என்னையும் பக்கத்தில் ஏறி உட்காரச் சொன்னார். யார்டுக்காரருக்கு வேறு வேலை வந்து அவர் போய்விட்டார், நாங்கள் இரண்டு பேரும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்தே இருந்தோம். அவர் முகத்தை அப்படிப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. இறங்கியதும், இது பார்சல் ஏற்றுகிற வண்டி, மச்சான் பார்த்தால் சிரிப்பார் என்றார்.

திரும்பி வந்த யார்டுக்காரரோடு அவர் பேசுகையில் நான் கைப்பையிலிருந்த அளவு டேப்பை எடுத்து இரண்டு வண்டியின் படியையும் அளந்தேன். உயரமானதன் படி என் முழங்காலுக்கு மேலே நாலு விரல். தாழ்ந்தது முழங்காலுக்குக் கீழே. அந்த இடைவெளிதான் இப்போது என் குடும்பம்.

வீட்டுக்கு வந்து தாழ்ந்ததையே எடுப்போம் என்றேன். எனக்கு ஏற இறங்க வசதி என்று பழியை என் தலையிலேயே போட்டுக்கொண்டேன். உனக்கு ஸ்டூல் செய்து தருகிறேன் என்றார். வாதாடினேன், கெஞ்சினேன், ஒரு வேளை சாப்பிடாமலும் பார்த்தேன். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். திங்கட்கிழமை யார்டுக்காரருக்கு முடிவு சொல்லியாக வேண்டும். உயரமான வண்டி வந்து வாசலில் நிற்கும். அதை இவர் ஜன்னலில் நின்று பார்ப்பார். பிறகு உட்கார்ந்து பார்ப்பார். அதை நான் பார்க்க வேண்டும். நினைத்தாலே ஆற்றமாட்டாமல் இருக்கிறது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அண்ணா.

நீ மனசு மாறியதாகச் சொன்னால் கேட்பார். உயரமான வண்டியில் அலமாரியும் தொட்டியும் ஏற்றினால் வளைவில் சாயும், நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று சொல். வண்டி விஷயத்தில் நீ முதலாளிக்காகக்கூடப் பொய் சொன்னதில்லை, தெரியும். அதனால்தான் உன்னிடம் வருகிறேன். வேறு யார் சொன்னாலும் அவர் நம்ப மாட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தியிருந்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். காகிதத்தைக் கையால் மறைத்தேன், அவர் பார்க்கவில்லை. கடிதம் மச்சான் கண்ணிலும் படுமா என்று கேட்டார். படும் என்றேன். பிறகு சொன்னார், அந்தத் தாழ்ந்த வண்டி மலைப்பாதையில் நிஜமாகவே தரை தட்டுமா என்று ஒரு வரி கேட்டுவிடு, நான் கேட்டதாக எழுதாதே, நீயே கேட்பது போல எழுது. சொல்லிவிட்டு நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

அண்ணா, நானே கேட்கிறேன். தட்டுமா?

தட்டாது என்று சொல். திங்கட்கிழமைக்கு முன்னால் போன் பண்ணு, ஸ்பீக்கரில்தான் போடுவேன், ஏன் எதற்கு என்று கேட்காமல் சொல்.

நீயும் அண்ணியும் பிள்ளைகளும் கை கால் சுகத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும்.

உன் தங்கை